ஆர்விட்டின் வாசல் விளக்கு

எங்கள் வரிசையில் பதினோரு டிரெய்லர் வீடுகள். அவற்றில் ஒன்பதுக்குப் பேட்டரி சுவிட்ச் மாற்றிக் கொடுத்தவர் ஆர்விட் ஹௌகன். பத்தாவது அவருடையது. பதினோராவது டெல்பர்ட்டினுடையது. "என் வயர்ல எவனும் கை வைக்க வேணாம்" என்று அவன் வீம்பு பிடித்ததால் அது மட்டும் பழையபடியே கிடந்தது. மாதத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஏதாவது கருகும் வாசனை வரும்.

குளிருக்குத் தப்பி நவம்பரில் வந்து மார்ச்சில் கிளம்புகிற கூட்டம் நாங்கள். குவார்ட்ஸைட் என்ற ஊருக்குத் தெற்கே, பாலைவனத்தில், கரண்டும் குழாயும் இல்லாத அரசாங்கக் கல்தரையில், ஆளுக்கு எண்பது தப்படி இடைவெளி விட்டு டிரெய்லரை நிறுத்திக்கொள்வோம். எல்லோரும் தனி ஆள். புருஷனைப் புதைத்தவள், பெண்டாட்டி விரட்டிவிட்டவன், பிள்ளைகள் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் இருக்கப் பிடிக்காதவன். நான் முதல் ரகம். பெயர் மேவிஸ். ஐடஹோவில் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன். அதனால் எனக்கு வாயும் அதிகம், பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் பார்க்கிற பழக்கமும் அதிகம்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கைப் போட வேண்டும். படுக்கும்போது அணைத்துக்கொள்ளலாம். இருட்டின பிறகும் ஒரு டிரெய்லரில் விளக்கு எரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். சில வருஷம் முன்னால் ஓரிகன்காரர் ஒருவர் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்து நான்கு நாள் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் ஜன்னலுக்குக் கீழேயே நாற்காலி போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தோம். அந்த வெட்கத்தில் வந்த ஏற்பாடு இது. விளக்கு எரிந்தால் ஆள் நலம். எரியாவிட்டால் போய்ப் பார்.

ஆர்விட்டுக்கு எழுபத்துமூன்று வயது. வடக்கு டகோட்டாக்காரர். நாற்பத்தோரு வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவர். நெட்டையாக, உலர்ந்துபோய், அவர் ஏறின கம்பங்கள் மாதிரியே இருப்பார். யாருக்காவது சுவிட்சை மாற்றவேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்பார். தடிமனான கேபிளை வெட்டி, முனையில் செப்பு வளையத்தை வைத்து நசுக்கி, அதைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். அசையாது. அசைந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்ததும் கை துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார், அதை விடுங்கள், ஒரு காபி குடிக்க மாட்டார்.

என் டிரெய்லர் வேலையை முடித்த அன்று வழியை மறித்துக்கொண்டு கேட்டேன். "ஒரு வாய் காபி குடிச்சா உங்க மானம் போயிடுமா?"

"பழக்கம் இல்ல" என்றார்.

"காபி குடிக்கிற பழக்கமா?"

"உக்காந்து குடிக்கிற பழக்கம்."

அன்றைக்குத்தான் அவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், அதுவும் நின்றுகொண்டே. பனிப்புயல் அடித்தால் அவர் ஊர்ப் பக்கம் கம்பங்கள் வரிசையாகச் சாயுமாம். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே நான்கைந்து மைல். கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து வயரைச் சேர்த்ததும் தூரத்தில் ஒரு ஜன்னலில் மஞ்சளாக வெளிச்சம் வரும். பண்ணைக்காரி வாசலில் வந்து கையை ஆட்டிக் கூப்பிடுவாளாம், சூடாக ஏதாவது சாப்பிட்டுப் போகச் சொல்லி.

"போவீங்களா?"

"எதுக்கு? வெளிச்சம் வந்துடுச்சில்ல. அடுத்த கம்பத்துக்குப் போயிடுவோம்."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு ஏனோ அந்தப் பண்ணைக்காரி மேல் பரிதாபம் வந்தது.

அவர் மனைவி எல்வீரா இறந்து ஆறு வருஷம். இரண்டு பேருக்காக வாங்கின டிரெய்லர் அது. வெளியே போட இரண்டு மடக்கு நாற்காலி வைத்திருந்தார். ஒன்றை விரித்து உட்காருவார். இன்னொன்று உறை பிரிக்காமல் டிரெய்லரின் அடியில் கிடக்கும். நாங்கள் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தால் அவர் வர மாட்டார். கூப்பிட்டால் கையை உயர்த்திக் காட்டுவார். வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் அவர் வாசல் விளக்கு எரியவில்லை. ஊர் முழுக்க வயரைச் சரி செய்தவர், தன்னுடையதை மட்டும் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டிருந்தார். கதவோரம் ஒரு சின்னப் பித்தான்தான் அதன் சுவிட்ச். அணைத்தாலும் முழுசாக அணையாது, பேட்டரியை எதுவோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போட்டாலும் கரண்டு முழுசாகப் போகாது, உள்ளே தகடு கரிந்துபோயிருக்கும். அன்றைக்கு அது ஒரேயடியாகப் போய்விட்டது.

டெல்பர்ட்டுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு, "யோவ் ஆர்விட்! உசிரோட இருக்கியா?" என்று கத்திக்கொண்டே போய்க் கதவை இடித்தான். கதவு திறந்தது. ஆர்விட் நீள உள்ளாடையோடு, கையில் சூப் பாத்திரமும் கரண்டியுமாக நின்றார். ஆறு டார்ச் வெளிச்சமும் அவர் மேல். பாத்திரத்திலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தட்டுக்கூட எடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் வயர் மாத்துறவன் வீட்டுல கரண்டு இல்லடோய்!" என்றான் டெல்பர்ட். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆர்விட் சிரிக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார். நான்கு நாள் ஆனது. தன் டிரெய்லருக்கு அவர் செய்த மாதிரி வேறு யாருக்கும் செய்யவில்லை. என் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கை, அந்த இருக்கைக்கு அடியில் பெட்டி. அதன் முகப்பில் சிவப்பாக, கைப்பிடி வைத்துத் திருகுகிற பெரிய சுவிட்ச். அதைத் திருகினால் டிரெய்லரில் உள்ள எல்லாம் செத்துவிடும், ஒரு சொட்டு கரண்டு கசியாது. ஒன்றைத் தவிர. காஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்று அதற்கு மட்டும் சுவிட்சைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர்.

நான்காம் நாள் கேபிளைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் பார்த்தேன், அந்தத் தனி வயரோடு இன்னொரு வயரும் போனது.

"இது எங்க போகுது?"

"வாசல் விளக்குக்கு. இருட்டினா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். வெளிச்சத்தைப் பாக்குற சின்னக் கண்ணு ஒண்ணு வெச்சிருக்கேன். மெயின் சுவிட்சை அணைச்சாலும் இது எரியும்."

"நீங்க ஊர்ல இல்லைன்னாலும் எரியுமா?"

"நான் இருந்தாலும் இல்லைன்னாலும் எரியும்" என்றார். பிறகு பெட்டியின் மூடியை வைத்து நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கினார். "இனிமே யாரும் என் கதவைத் தட்ட வேண்டி வராது."

"ரொம்ப நல்ல வேலை" என்றேன் நான். நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் ஏறின பிள்ளைகளைத் தலை எண்ணினவள் நான். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று விளக்கு சொல்வதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆள் இல்லாமலே எரிகிற விளக்கு எதைச் சொல்லும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கேபிளை ஒழுங்காகப் பிடித்தேன், அவ்வளவுதான்.

ஜனவரி மூன்றாம் வாரம் காற்று ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் காற்று வந்தால் லேசில் போகாது, மூன்று நாள் மண்ணை வாரி அடிக்கும். யாரும் நெருப்பு மூட்டவில்லை, யாரும் வெளியே உட்காரவில்லை. அவரவர் டிரெய்லருக்குள் முடங்கிக் கிடந்தோம். திங்கட்கிழமை சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தேன். ஆர்விட்டின் விளக்கு சரியான நேரத்துக்கு எரிந்தது. செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கு சூப் வைத்தேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. இந்தக் காற்றில் போய்க் கதவைத் தட்டி முறைப்பு வாங்குவானேன் என்று சூப்பை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை இருட்டினதும் பார்த்தேன். விளக்கு இல்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். டெல்பர்ட்டும் பார்த்திருக்கிறான், தன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"போகாத மேவிஸ். பேட்டரி இறங்கியிருக்கும். போன தடவையே கடிச்சுக் குதறுற மாதிரி பார்த்தான்."

"அது அவர் போட்ட வயர் டெல்பர்ட். அவர் போட்டது தானா அணையாது. கடப்பாரையை எடுத்துக்கிட்டு வா."

"கடப்பாரை எதுக்கு?"

"வாடா!" என்று பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினேன். வந்தான்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. டெல்பர்ட் நெம்பித் திறந்தான். கதவுக்குப் பக்கத்திலேயே, அந்த இருக்கையின் அடியில் தலையை வைத்துக்கொண்டு ஆர்விட் தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. ஒரு கால் கால் மாதிரியே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஃபியூஸ் எடுத்துட்டேன்" என்றார். ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. "மூடியைத் திரும்பப் போடணும். ஸ்க்ரூ நாலும் சட்டைப் பையில இருக்கு."

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேசாதீங்க என்று சொன்னேன், கேட்கவில்லை. வாழ்நாளில் பேசாததை எல்லாம் சேர்த்து அன்றைக்குப் பேசினார். மீதியைப் பிறகு ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மதியம் காற்றில் கூரை மூடி படபடவென்று அடித்திருக்கிறது. முக்காலி மேல் ஏறி அதை இழுத்திருக்கிறார். முக்காலி சரிந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஃபோன் படுக்கைத் தலைமாட்டில், அங்கே போக முடியாது. கதவின் கைப்பிடி எட்டாது. கத்தினார். காஸ் பெட்டியின் பித்தானை அமுக்கி அதையும் கத்த வைத்தார். காற்று அவர்கள் இரண்டு பேரையும் விடச் சத்தமாகக் கத்தியது. கதவோரம் ஒரு கேன் தண்ணீர் இருந்ததால் உயிர் தங்கியது.

சாயங்காலம் ஆனதும் ஒரு நிம்மதி வந்ததாம். பழக்கதோஷத்தில், இருட்டினால் விளக்கு இல்லாததை யாராவது பார்ப்பார்கள் என்று. அப்புறம்தான் கதவுக் கண்ணாடியில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. விளக்கு தானாக எரிந்தது.

கையை நீட்டிச் சிவப்புச் சுவிட்சைத் திருகினார். உள்ளே எல்லாம் செத்தது. ஹீட்டர் நின்றது. வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. அவர் போட்ட வயர் ஆயிற்றே. குளிர் ஏறவும் மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டு விடியும்வரை அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நல்லாத்தான் எரிஞ்சுது மேவிஸ்" என்றார். "ஒரு தடவை கூடக் கண் சிமிட்டல."

செவ்வாய்க்கிழமை அவருக்கு வழி தோன்றியது. பெட்டிக்குள்ளே அந்த வயருக்கு ஃபியூஸ் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் விளக்கு போய்விடும். ஆனால் மூடிக்கு நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் அவரே இறுக்கினது. கால்சட்டைப் பையில் பத்து சென்ட் நாணயம் ஒன்று இருந்தது. படுத்தபடியே, அதன் விளிம்பை ஸ்க்ரூவில் வைத்துத் திருகினார். கொஞ்சம் திருகுவது, வலியில் மயங்குவது, மறுபடி திருகுவது. செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் இரண்டு ஸ்க்ரூதான் வந்தது. விளக்கு எரிந்தது. அப்போதுதான் நான் சூப்பை மூடி வைத்தேன்.

நான்காவது ஸ்க்ரூ புதன்கிழமை காலை எட்டரைக்கு வந்தது. ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போது வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பகலில் அணைந்த விளக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? இனி இருட்ட வேண்டும். பத்து மணி நேரம். கேனில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. டெல்பர்ட் வெளியே இருமிக்கொண்டு போனது கேட்டதாம். நான் நாற்காலியை உதறினது கேட்டதாம். காற்று நின்றிருந்தது, ஆனால் அவருக்குக் கத்துகிற குரல் போய்விட்டது. தரையில் வெயில் ஒவ்வொரு அங்குலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு, இருட்டு வா, இருட்டு வா என்று கிடந்திருக்கிறார்.

"நாப்பத்தோரு வருஷம் இருட்டைத் துரத்துறதுதான் என் வேலை" என்றார். அப்போது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அன்று நான் அழுதேன். எண்பது தப்படி தூரத்தில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்க, அவர் விளக்கைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மறுநாள் ஆர்விட்டின் கதவை டெல்பர்ட்டே உட்கார்ந்து சரி செய்தான்.

அந்த வருஷம் அவர் திரும்பவில்லை. இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நவம்பரில் வந்தார். அவருடைய தங்கை மகன் டிரெய்லரை இழுத்து வந்து பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனான். கையில், பிடித்து நடக்க ஒரு வாக்கர். இளைத்துப் பாதியாக இருந்தார். வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"என்னால குனிய முடியாது. நான் சொல்றேன், நீ செய்."

வாசல் விளக்கைத் தனி வயரிலிருந்து பிரித்து, அந்தச் சின்னக் கண்ணைக் கழற்றிவிட்டு, கையால் போடுகிற சாதாரண சுவிட்ச் வைக்க வேண்டும். நான் தரையில் குந்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து உயிரை வாங்கினார்.

"நசுக்கினது போதாது. இழு."

"இழுத்தாச்சு."

"நீ தடவிக் குடுத்த. இழு."

"இதோ பாருங்க, இன்னொரு வார்த்தை பேசினா இந்த வயரை உங்க கழுத்துல சுத்திடுவேன்."

"முதல்ல ஒழுங்கா நசுக்கு. அப்புறம் சுத்து."

முடித்ததும் காபி கேட்பாரோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. நானும், அவருக்குத்தான் பழக்கமில்லையே என்று கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிலிருந்து தினமும் அவர் விளக்கு எரிந்தது. தானாக எரியவில்லை, அவர் கையால் போட்டார். ஜன்னலில் நின்று நான் பார்ப்பேன். சில நாள் அவர் நிழல் கண்ணாடியில் அசைவதுகூடத் தெரியும். ஆள் நலம் என்று திரையை இழுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்படிப் பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் விளக்கு எரியவில்லை.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு காலில் செருப்பு இல்லை. கதவை இடித்தேன். பூட்டவில்லை, திறந்துகொண்டது. டார்ச்சை அடித்தேன். ஆர்விட் மேசை முன்னால் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். இருட்டில். சும்மா.

"விழுந்தீங்களா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல."

"கரண்டு போச்சா?"

"நீ நசுக்கினது போகுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப ஏன்யா விளக்கைப் போடல? உசிரு போயி உசிரு வந்துச்சு எனக்கு!"

அவர் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போட்டா யாரும் வர்றதில்ல, மேவிஸ்."

பத்து நாள் அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்துத் திரையை இழுத்தவள் நான்தான். எதிர் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒரு கால் செருப்பைக் கழற்றிப் போட்டேன். காபிக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று எழுந்து, விளக்கைப் போடச் சுவர் சுவிட்சைத் தேடினேன்.

"அதைத் தொடாத. கொஞ்சம் இரு" என்றார் ஆர்விட். "டெல்பர்ட் இன்னும் பாக்கல."